மகனைப் பலவந்தமாக மனநல வார்டில் சேர்க்கச் சட்டம் இருக்கிறதா?

வாசகர் கேள்வி (சுருக்கியிருக்கிறேன், ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை எடுத்துவிட்டேன்):

"மிஸ், நாங்கள் களுவாஞ்சிக்குடிப் பக்கம். எனக்கு 15 வயதில் ஒரு மகன், அடுத்த வருடம் சாதாரண தரம் எழுத வேண்டியவன். அக்காவின் வீடும் எங்கள் வீடும் ஒரே வளவுக்குள்தான். போன கிழமை அக்காவின் 7 வயது மகள், அண்ணா தன்னைத் தொடக்கூடாத மாதிரித் தொட்டதாகத் தாயிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு தரம் இல்லையாம். மகனைக் கேட்டோம், முதலில் இல்லை என்றான், அவனுடைய அப்பா பூவரசங் கம்பால் அடித்த பிறகு ஓம் என்றான். இப்போது யாரோடும் கதைக்கிறான் இல்லை, சாப்பாடும் சரியில்லை. அத்தான் பொலிஸுக்குப் போகப்போவதாகச் சொல்கிறார். பெரியாக்கள் வீட்டுக்குள் பேசி முடிப்போம் என்கிறார்கள். என்னுடைய அண்ணன் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறார். அங்கே இப்படியான பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்துத் திருத்தச் சட்டம் இருக்காம், நீங்களும் அவனை அங்கொடை மனநல ஆஸ்பத்திரியில் போட்டுவிடுங்கோ, மறுகா பொலிஸ் கேட்காது என்று சொல்கிறார். நம்முடைய நாட்டிலும் அப்படிச் சட்டம் இருக்கா? அவன் மாட்டேன் என்றாலும் சேர்க்கலாமா?"

அன்புள்ள தங்கச்சிக்கு,

கேட்டதற்கு, ஒரு சட்டத்தரணியாக, நேரான பதிலை முதலில் சொல்கிறேன். அப்படி ஒரு சட்டம் இலங்கையில் இல்லை. பாலியல் குற்றம் செய்த பிள்ளையை அந்தக் குற்றத்துக்காகவே பிடித்து, விருப்பமில்லாமல் மனநல வைத்தியசாலையில் வைத்துச் சிகிச்சை செய்ய நம்மிடம் தனிச் சட்டம் கிடையாது. வைத்தியசாலையில் சேர்த்தால் பொலிஸ் கேட்காது என்பதும் பிழை. ஆனால் உங்கள் மகனுக்குச் சிகிச்சை வேண்டும், அது கிடைக்க வழி இருக்கிறது, அந்த வழி பொலிஸையும் நீதிமன்றத்தையும் சுற்றிக்கொண்டு போகாது, அவற்றுக்குள்ளால்தான் போகும். இதை எப்படி என்று கீழே எழுதுகிறேன். அதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது.

உங்கள் கடிதம் நீளமானது, இங்கே கால்வாசிதான் போட்டிருக்கிறேன். அதில் மகனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சின்னப் பிள்ளையைப் பற்றி மூன்று வரி. தாய் மனம் அப்படித்தான் ஓடும், அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் அந்த மூன்று வரியில்தான் நின்றுவிட்டேன். நம்முடைய பக்கத்தில் மூத்தவளுக்குத் தாயின் வீடு, அடுத்தவளுக்கு அதே வளவில் பக்கத்திலே இன்னொரு வீடு, நடுவில் வேலிகூட இருக்காது, ஒரு கிணறு, ஒரு படலை. பிள்ளைகள் எந்தக் குசினியில் சாப்பிட்டார்கள் என்பதே சில நாள் தெரியாது. இது நமக்குப் பெரிய பலம். ஆனால் இந்த நேரத்தில் அந்தப் பிள்ளை காலையில் முகம் கழுவக் கிணற்றடிக்கு வந்தால் அங்கே அவன் நிற்பான். தாயிடம் வாய் திறந்து சொன்னதற்குப் பிறகும் எதுவும் மாறவில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டால், அடுத்த முறை எது நடந்தாலும் அவள் சொல்ல மாட்டாள்.

அதனால் உங்கள் மகன் இன்றைக்கே அந்த வளவை விட்டு வேறு இடத்தில் தங்க வேண்டும். அவன்தான் போக வேண்டும், அவள் இல்லை. சில குடும்பங்களில் சின்னப் பிள்ளையை மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பையனை வீட்டில் வைத்திருப்பார்கள், அவனுக்குப் பரீட்சை என்று காரணம் சொல்வார்கள், தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். அவனுடைய தகப்பன் வழியில், சின்னப் பிள்ளைகள் இல்லாத ஒரு வீடு பாருங்கள், விஷயம் தெரிந்த ஒரு பெரியவர் அங்கே எப்போதும் இருக்க வேண்டும். கொழும்பில் யாரோ கடை வைத்திருக்கிறார்கள், அங்கே அனுப்பி விடலாம் என்று யாராவது சொல்வார்கள். சில வருடங்களுக்கு முன் படுவான்கரையில் இருந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். அந்தக் குடும்பம் அப்படித்தான் செய்தது, கடைக்காரருக்கு எதையும் சொல்லவில்லை, அந்த வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளின் வழக்காகத்தான் அது என் மேசைக்கு வந்தது. அந்தத் தாய் ஒரு சொப்பிங் பையில் மகனின் தேர்ச்சி அறிக்கைகள் எல்லாவற்றையும், ஆண்டு 1 இல் இருந்து, அடுக்கிக் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து, கணக்கில் 92 மிஸ், பாருங்கோ என்றார். அந்தப் பையை நான் இன்னும் மறக்கவில்லை. முதல் பிள்ளை சொன்ன அன்றைக்கே அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் இரண்டாவது பிள்ளைக்கு அது நடந்திருக்காது.

அந்தப் பிள்ளையிடம் யாரும் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது. அம்மம்மா ஒரு தரம், பெரிய மாமா ஒரு தரம், நீங்கள் ஒரு தரம் என்று கேட்கக் கேட்க அவள் குழம்புவாள், பெரியவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லை மாற்றுவாள், பிறகு நீதிமன்றத்தில் அதையே பிடித்துக் கேள்வி கேட்பார்கள். அவள் சொன்னது நல்லது, அவள் மேல் பிழை இல்லை, இனி அப்படி நடக்காது, இவ்வளவுதான் அவள் கேட்க வேண்டிய வார்த்தைகள், அதையும் அவளுடைய தாய் சொல்லட்டும். அவனைக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைப்பது, காலில் விழ வைப்பது, கோவிலில் கற்பூரம் அடிக்க வைப்பது எதுவும் வேண்டாம். அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டும், நாள் போய்விட்டது என்று விடக் கூடாது. அக்காவும் அத்தானும் அதைச் செய்யும்போது நீங்கள் குறுக்கே நிற்கவே கூடாது.

சரி, வீட்டுக்குள் பேசி முடிப்பது பற்றி. முடியாது. தண்டனைச் சட்டக் கோவையின் 365ஆ பிரிவில் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்று ஒரு குற்றம் இருக்கிறது, 1995 இல் சேர்த்தார்கள், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதைச் செய்தால் 7 வருடம் முதல் 20 வருடம் வரை கடூழியச் சிறை. நடந்தது எது என்பதைப் பொறுத்து வேறு பிரிவும் வரலாம், அதைச் சட்டமா அதிபர் திணைக்களம் கோப்பைப் பார்த்துத் தீர்மானிக்கும். இணக்க சபையில் பேசித் தீர்க்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இது இல்லை. வழக்கு அரசாங்கத்தின் வழக்கு, அக்காவின் சொந்த வழக்கு இல்லை, அவரைக் கெஞ்சி நிறுத்த வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கூடப் பிறந்தவள் அழுதால் அக்கா இளகித்தான் போவார், பிறகு தன் மகளின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதை நினைத்து வேகுவார். அத்தான் பொலிஸுக்குப் போவது சரி. முடிந்தால் அவரிடம் போய், "நீங்கள் போங்கோ அத்தான், நான் தடுக்க மாட்டேன், இவனை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த வளவில் இரண்டு குடும்பமும் இனியும் வாழப்போகிறீர்கள் என்றால் இந்த ஒரு வசனம் பெரிய உதவியாக இருக்கும்.

7 வருடம், 20 வருடம் என்று வாசித்ததும் உங்களுக்குக் கை நடுங்கியிருக்கும். அது வளர்ந்தவர்களை மனதில் வைத்து எழுதிய தண்டனை. பிள்ளைகளுக்கு என்று வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. 2018 இல் 10ஆம் இலக்கச் சட்டத்தால் தண்டனைக் கோவையைத் திருத்தி, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமே ஆகாது என்று ஆக்கினார்கள். அதற்கு முன் அந்த எல்லை 8 வயதாக இருந்தது. 12 முதல் 14 வரையான பிள்ளை என்றால், செய்வதன் தன்மையும் விளைவும் புரியும் அளவுக்கு முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். உங்கள் மகனுக்கு 15, ஆகவே இந்த இரண்டுக்குள்ளும் அவன் வர மாட்டான், பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1939 இல் வந்த சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது, நீதவான் சிறுவர் நீதிமன்றமாக அமரும்போது வெளியாட்களை உள்ளே விடமாட்டார், பெயரையோ படத்தையோ யாரும் வெளியிட முடியாது. நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடுவது, தகுதியான ஒருவரின் பொறுப்பில் ஒப்படைப்பது, சான்றுபெற்ற பாடசாலைக்கு (நீதிமன்றம் அனுப்பும் பிள்ளைகளைத் தங்கவைத்துத் திருத்தும் இடம்) அனுப்புவது என்று சிறைக்கு வெளியே பல கட்டளைகள் அந்தச் சட்டத்தில் உண்டு. பெரிய வயதுக்காரர்களுக்கு எழுதிய குறைந்தபட்சத் தண்டனையைக்கூட எல்லா வழக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டியதில்லை என்று உயர் நீதிமன்றம் 2008 இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் சிகிச்சை உள்ளே வருகிறது. நன்னடத்தைக் கட்டளை போடும்போது நீதிமன்றம் நிபந்தனைகள் விதிக்கலாம்: அந்தச் சிறுமி இருக்கும் வளவுக்குள் போகக் கூடாது, இன்ன வீட்டில்தான் தங்க வேண்டும், மனநல கிளினிக்குக்கு ஒழுங்காகப் போக வேண்டும். அவன் மாட்டேன் என்றால்? நிபந்தனையை மீறினால் நன்னடத்தை அலுவலர் நீதவானுக்கு அறிவிப்பார், வழக்கு திரும்ப மேசைக்கு வரும். இதுவும் ஒரு கட்டாயம்தான், மறைக்கவில்லை. ஆனால் வீட்டில் தூங்கி, பள்ளிக்கூடம் போய்க்கொண்டு, கிளினிக்குக்குப் போகும் கட்டாயம். பிணை கேட்கும்போதும் நீதவான் முதலில் கேட்கப்போவது, இவன் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகப்போகிறான் என்பதைத்தான். நீங்கள் இன்றைக்கே அவனை இடம் மாற்றியிருந்தால் உங்கள் சட்டத்தரணிக்கு அங்கே சொல்ல ஒரு பதில் இருக்கும்.

இனி அண்ணன் சொன்ன விஷயம். அவர் சொன்னதில் பாதி உண்மை. பென்சில்வேனியாவில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது, 2003ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். ஆனால் அது 15 வயதுப் பையனை வீட்டில் இருந்து எடுத்து அடைக்கும் சட்டம் இல்லை. அந்த மாநிலத்தில் சிறுவர் நீதிமன்றத்தின் அதிகாரம் 21 வயதோடு முடிந்துவிடும். பாரதூரமான பாலியல் குற்றத்துக்காக அந்த நீதிமன்றம் ஒருவனை ஒரு நிலையத்துக்கு அனுப்பி, அவனுக்கு 20 வயதாகும்போதும் அவன் அங்கேயே இருந்தால், அப்போதுதான் மாநிலத்தின் மதிப்பீட்டுச் சபை ஒன்று அவனைப் பற்றிய கோப்புகளைப் பார்க்கும். மனநிலைக் கோளாறோ ஆளுமைக் கோளாறோ இருந்து, அதனால் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது அவனுக்கு மிகவும் கடினம் என்று தெளிவான சான்றோடு நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் ஒரு வருடம் உள்ளே வைத்துச் சிகிச்சை. வருட முடிவில் திரும்பப் பார்ப்பார்கள், தேவை என்றால் இன்னொரு வருடம், அதற்குப் பிறகும் இன்னொரு வருடம். இத்தனை தரம்தான் என்று ஒரு எல்லை கிடையாது.

அதாவது 15 வயதில் செய்த ஒன்றுக்காக ஒருவன் 30 வயதிலும் பூட்டுக்குள் இருக்க முடியும், அவனை யாரும் வயது வந்தவனாக வைத்து விசாரித்துத் தண்டித்ததே இல்லை என்றாலும். இது தண்டனை இல்லை, சிகிச்சை, ஆகவே செல்லும் என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் 2020 இல் சொன்னது. அந்த வாதத்தின் வேர், வளர்ந்தவர்களைப் பற்றிய ஒரு கன்சாஸ் வழக்கில் 1997 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று கொடுத்த தீர்ப்பில் இருக்கிறது. எனக்கு அந்த வாதம் ஒருபோதும் சமாதானம் தந்ததில்லை. காரணம் ஒன்று சொல்கிறேன், உங்கள் மகனுக்கும் அது பொருந்தும். இந்தச் சிகிச்சைக்கு அடித்தளமே பிள்ளை உண்மையைச் சொல்வதுதான். என்ன செய்தேன், அதற்கு முன் என்ன நினைத்தேன், யாருக்கும் தெரியாத வேறு எதுவும் இருக்கிறதா என்று 16 வயதில் ஒருவன் மனதைத் திறந்து சொல்கிறான். அது சிகிச்சைக் கோப்பில் ஏறுகிறது. நாலு வருடம் கழித்து, இவனை இன்னும் அடைத்து வைக்க வேண்டுமா என்று தீர்மானிக்கிறவர்களின் கையில் அதே கோப்பு இருக்கிறது. வாயைத் திறந்த பிள்ளை மாட்டிக்கொள்வான், கெட்டிக்காரத்தனமாக மூடிக்கொண்டவன் தப்புவான். உண்மை சொன்னால் பூட்டு என்று தெரிந்த ஒரு பிள்ளைக்கு எந்த வைத்தியர் என்ன சிகிச்சை செய்ய முடியும்?

அதே மாநிலத்தில் இன்னொன்றும் நடந்தது, அதையும் அண்ணனிடம் சொல்லுங்கள். இப்படியான பிள்ளைகளின் பெயரை வாழ்நாள் முழுக்கப் பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. 2014 இல் அதே உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று தள்ளிவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் திரும்பவும் செய்வார்கள் என்று சட்டமே முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது என்பதுதான் அடிப்படை.

திரும்பவும் செய்வார்களா என்பதுதான் உங்கள் நெஞ்சில் கிடக்கும் கேள்வி, கடிதத்தில் நேராக எழுதவில்லை, ஆனால் தெரிகிறது. 106 ஆய்வுகளில் இருந்து 33,783 இளையோரின் விபரங்களைச் சேர்த்து 2016 இல் ஒரு கணக்கு வெளிவந்தது. பாலியல் குற்றத்துக்காகத் திரும்பவும் பிடிபட்டவர்கள் 100 பேரில் 5 பேர் அளவில், 2000க்குப் பிந்திய ஆய்வுகளை மட்டும் எடுத்தால் 3 பேருக்கும் குறைவு. இது பிடிபட்டவர்களின் கணக்கு, பிடிபடாததும் இருக்கும், அதனால் இதைப் பார்த்துவிட்டு அவனைச் சும்மா விடலாம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் இவன் இனி இப்படித்தான், பிறவிக் குணம் என்று சொல்கிறவர்களின் வாயை அடைக்க இந்தக் கணக்குப் போதும்.

எந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்பதும் ஓரளவு தெரிந்த விஷயம். அமெரிக்காவின் மிசூரியில் 48 இளையோரை எடுத்து, பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையும் மற்றப் பாதிப் பேருக்கு வீட்டையும் பெற்றோரையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து வேலை செய்யும் ஒரு முறையும் கொடுத்து, ஏறக்குறைய 9 வருடம் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 46 சதவீதம் பேர் திரும்பவும் பாலியல் குற்றத்தில் பிடிபட்டார்கள், மற்றப் பக்கத்தில் 8 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனால் அந்த வித்தியாசத்தைப் பாருங்கள். அந்த முறையில் வைத்தியர் பிள்ளையை அறைக்குள் வைத்து மட்டும் கதைப்பதில்லை, வீட்டுக்கு வருவார். பின்னேரம் யார் வீட்டில் இருக்கிறார்கள், போனில் அவன் என்ன பார்க்கிறான், தகப்பன் அவனோடு எப்படிக் கதைக்கிறார், யாரோடு சேர்கிறான் என்பதெல்லாம் சிகிச்சைக்குள் வரும். தாய் தகப்பன் தங்கள் பிள்ளை செய்ததை "அப்படி ஒன்றும் பெரிசாக நடக்கவில்லை" என்று மழுப்பாமல் ஏற்றுக்கொள்வதும் அதில் ஒரு பெரிய பகுதி. அந்த முறை அப்படியே மட்டக்களப்பில் கிடைக்காது. ஆனால் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கல்முனையிலும் அம்பாறையிலும் வைத்தியசாலைகள் இருக்கின்றன, பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள், மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தின் அலுவலர் இருக்கிறார். இந்த நாலு பேரையும் ஒரே விஷயத்தைப் பற்றி ஒருவரோடு ஒருவர் கதைக்க வைப்பதுதான் பெரிய பாடு, அதை ஒரு நீதிமன்றக் கட்டளை செய்து தரும்.

அங்கொடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருவரை விருப்பமில்லாமல் மனநல வைத்தியசாலையில் சேர்க்க நம்மிடம் இருப்பது 1873 இல் வந்த கட்டளைச் சட்டம், பெயரை மாற்றினார்கள், சில பகுதிகளைத் திருத்தினார்கள், எலும்பு அதே எலும்புதான். அது மனநோயால் சித்தம் பிறழ்ந்தவர்களுக்கானது. உங்கள் மகன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த, கூப்பிட்டால் பதில் சொல்கிற பிள்ளை, அவன் செய்தது பாரதூரமான பிழை, அந்தப் பிழையை வைத்து மட்டும் அவனை மனநோயாளி ஆக்க எந்த வைத்தியராலும் முடியாது. சோதித்துப் பார்த்து வேறு ஏதும் நோய் இருக்கிறது என்றால் அது வேறு கதை, அதற்கு வைத்தியம் செய்வார்கள். நோய் இல்லாத ஒரு 15 வயதுப் பையனை, பொலிஸுக்கு ஒளிப்பதற்காக, கடுமையான மனநோயில் இருக்கும் பெரியவர்களின் வார்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தால் அவன் அங்கே என்ன கற்றுக்கொண்டு வருவான் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இனி ஒரு சட்டத்தரணியாக முக்கியமான ஒன்று, இதைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். நம்முடைய சான்றுக் கட்டளைச் சட்டத்தில், ஒருவர் தன் சட்டத்தரணியிடம் சொல்வதற்குப் பாதுகாப்பு இருக்கிறது, அதை நான் வெளியில் சொல்ல முடியாது. வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, நீதிமன்றம் கூப்பிட்டால் அவர்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டி வரலாம். பென்சில்வேனியாவைப் பற்றி நான் கோபப்பட்ட அதே ஓட்டை நம் வீட்டிலும் இருக்கிறது. இதற்காக வைத்தியரிடம் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் போங்கள். சட்டத்தரணியிடம் முதலில் போங்கள், அதே நாளில் வைத்தியரிடமும் போகலாம். கையில் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பில் அலுவலகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். பொலிஸில் வாக்குமூலம் எடுக்கும்போது நீங்களோ தகப்பனோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள், சிறுவர், பெண்கள் பிரிவில் எடுக்கச் சொல்லுங்கள். பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது சட்டம். ஆனால் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்காதீர்கள். பேசாமல் இருக்க அவனுக்கு உரிமை உண்டு. "அவள்தான் வந்தாள், சின்னப் பிள்ளை கற்பனை பண்ணுகிறாள்" என்று நீங்கள் சொல்லிக்கொடுத்து அவன் சொன்னால், அந்தச் சிறுமிக்கு அது இரண்டாவது தரம் நடந்த மாதிரி.

தகப்பன் அடித்த பிறகு ஓம் என்றான் என்று எழுதியிருந்தீர்கள். அடித்து வாங்கின அந்த ஓமில் இருந்து நடந்தது என்ன என்று யாருக்கும் தெரியாது. அடியை நிறுத்தச் சொல்லுங்கள். இவனுக்கு இதை யாரோ செய்திருக்கலாம், போனில் பார்த்திருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். தனக்கு நடந்த பிள்ளைகள் எல்லோரும் மற்றவர்களுக்குச் செய்வதில்லை, அதனால் இது சாட்டு ஆகாது, ஆனால் அவனுக்கும் யாராவது ஒரு பெரியவர் அப்படிச் செய்திருந்தால் அந்த ஆள் இன்னும் ஊரில் திரிகிறான் என்று அர்த்தம். இதை நீங்கள் குடையாதீர்கள், பிள்ளைகளிடம் இப்படிக் கேட்கப் பயிற்சி பெற்ற ஒருவர் மெதுவாகக் கேட்கட்டும்.

அவன் கதைக்கவில்லை, சாப்பிடவில்லை என்பதுதான் எனக்கு இன்று இரவுக்கான பயம். வெட்கத்தில் முங்கிப்போன 15 வயதுப் பையன் தன்னை என்னவும் செய்துகொள்ளலாம். வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்கள், வீட்டில் இருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள், போகிற வீட்டிலும் சொல்லி வையுங்கள், ராத்திரி ஒருவர் பக்கத்தில் படுக்கட்டும். சாகப் போகிறேன் என்ற மாதிரி ஒரு சொல் வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்த நேரம் வார்டில் ஒரு நாள் இரண்டு நாள் வைத்திருப்பது சரியான காரணத்துக்காக. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். சிறுவர் சம்பந்தமான முறைப்பாட்டுக்கு 1929. அவனிடம் நீங்கள் சொல்ல வேண்டியது, நீ செய்தது பெரிய பிழை, அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும், நான் உன்னை விட்டுப் போகமாட்டேன். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள், ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் வேறு மாதிரி விளங்கும்.

ஊரில் கதை பரவும். யாராவது முகநூலில் எழுதினால், அந்தச் சிறுமியின் பெயரையோ அவளை அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிடுவது 365இ பிரிவின் கீழ் தனிக் குற்றம், 2 வருடம் வரை சிறை உண்டு. அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு அத்தானிடம் கொடுங்கள், முறைப்பாடு செய்ய வேண்டியவர் அவர். உங்கள் பக்கத்துச் சொந்தக்காரர் யாரும் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை வெளியில் சொல்லாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

நாளைக்குச் சட்டத்தரணியிடம் போகும்போது அவனுடைய பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கொண்டுபோங்கள், வயதில்தான் இந்த வழக்கே நிற்கிறது. அவன் எந்த வீட்டில், யாருடைய பொறுப்பில் இருக்கிறான் என்று கிராம சேவகரிடம் ஒரு கடிதம். முன்பு ஏதும் வைத்தியம் பார்த்திருந்தால் கிளினிக் புத்தகம். தேர்ச்சி அறிக்கைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், அதைக் காட்டி அவனை நல்ல பிள்ளை என்று நிரூபிக்க வேண்டாம், நன்னடத்தை அலுவலர் அறிக்கை எழுதும்போது கேட்பார்.